மாப்பிள்ளை காசிக்குக் கிளம்பினார்

"பாஸ்போர்ட் எங்க? எடு மொதல்ல!"

மணமகள் அறைக் கதவை உடைக்காத குறையாகத் தள்ளிக்கொண்டு வந்து நின்றார் சென்னகிருஷ்ணன். தலையில் பூ வைத்துக்கொண்டிருந்த பிரியதர்ஷினி திடுக்கிட்டு எழுந்தாள்.

"அப்பா, அவங்கதான் மாத்திப் பேசறாங்கன்னா நீங்களுமா? இப்படி ஒரு கல்யாணமே எனக்கு வேணாம்ப்பா."

"பேசாத! எடுன்னா எடு!"

அப்பா இப்படிக் கத்தி அவள் கேட்டதே இல்லை. கைப்பையிலிருந்து எடுத்து நீட்டினாள். அவர் வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டார்.

"முகூர்த்த நேரத்துல ஏங்க புள்ளைய அழ வெக்கிறீங்க?" என்று மூக்கைச் சிந்தினாள் அவர் மனைவி சரோஜம்மாள். அவர் காதில் வாங்கவே இல்லை. தாம்பாளத்தில் வெற்றிலை வைத்திருந்த பிளாஸ்டிக் கவரைக் காலி செய்து, உள்ளே ஈரம் போக வேட்டி நுனியால் துடைத்தார். பாஸ்போர்ட்டை அதில் போட்டு, சந்தனமும் குங்குமமும் பட்டுவிடாமல் இரண்டு மடிப்பு மடித்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வெளியே போனார்.

உச்சந்தலை கொதித்தது அவருக்கு. கொதிக்காமல் என்ன செய்யும்?

பிரியதர்ஷினிக்கு ஓசூரில் கியர் செய்கிற கம்பெனியில் வேலை. ஒரு வருடப் பயிற்சிக்குப் பின்லாந்து போக அவளைத்தான் தேர்ந்தெடுத்திருந்தார்கள். அடுத்த மாதம் விமானம்.

"அங்க கோடைல நடுராத்திரியும் வெய்யில் அடிக்கும்ப்பா. பள்ளிக்கூடத்துல படிச்சதுலேர்ந்து ஆசை. ஒரு தடவ அந்த வெய்யில்ல நிக்கணும்."

"அப்ப அந்த ஊர்ல மனுசன் எப்பத்தான் தூங்குவான்?" என்று கேட்டவர் சென்னகிருஷ்ணன். தக்காளித் தோட்டம் உண்டு, தான் உண்டு என்று இருக்கிறவர். பெங்களூரே அவருக்குத் தூரதேசம். வேண்டவே வேண்டாம் என்று ஒரு வாரம் முறுக்கிக்கொண்டு திரிந்து, பிறகுதான் அரை மனதாகத் தலையாட்டினார். நிச்சயதார்த்தத்தில் மாப்பிள்ளை வீட்டாரும் தாராளமாகப் போகட்டும் என்றார்கள்.

இன்று காலை, சொந்தபந்தமெல்லாம் டிபன் சாப்பிட்டு முடித்த பிறகு, சம்பந்தி குருமூர்த்தி அவரை மணமகள் அறைக்கு வெளியே தனியாகக் கூப்பிட்டார். உள்ளே இருந்தவளுக்கும் கேட்கிற குரலில்தான் பேசினார்.

"வெளிநாடெல்லாம் சரிப்படாதுங்க சம்பந்தி. வரலைன்னு இப்பவே கம்பெனிக்கு மெயில் போடச் சொல்லுங்க. பாஸ்போர்ட் எங்க பீரோல இருக்கட்டும். இல்லன்னா தாலி கட்டறத யோசிக்க வேண்டியிருக்கும்."

பக்கத்தில் மாப்பிள்ளை ஹரீஷ்குமார் நின்றிருந்தான். போன மாதம்தான் நண்பர்களோடு தாய்லாந்து போய்ச் சுற்றிவிட்டு வந்தவன். "அப்பா சொன்னா சரியாத்தான் இருக்கும் மாமா" என்றான்.

அந்தச் சூட்டோடுதான் சென்னகிருஷ்ணன் மகளின் அறைக்குள் போனார். இப்போது திரும்பி வந்தவரிடம் குருமூர்த்தி கையை நீட்டினார்.

"குடுங்க சம்பந்தி."

"காசி யாத்திரை முடியட்டும்."

"பாத்தீங்களா?" என்று சொந்தக்காரர்கள் பக்கம் திரும்பிச் சிரித்தார் குருமூர்த்தி. "சம்பந்தி நம்ம ஆளு. பொட்டப்புள்ளைய எங்க நிறுத்தணும்னு தெரிஞ்சவரு."

சென்னகிருஷ்ணன் பல்லைக் கடித்துக்கொண்டார்.

மேளம் முழங்கியது. இந்தப் பக்கத்துக் கல்யாணங்களில் காசி யாத்திரை இல்லாமல் தாலி ஏறாது. குடை, தடி, புதுச் செருப்போடு மாப்பிள்ளை சன்னியாசியாகக் காசிக்குக் கிளம்புவார். பெண்ணின் அப்பா வழிமறித்து, பெண் தருகிறேன் என்று கெஞ்சித் திரும்ப அழைத்து வர வேண்டும். போகாத ஊருக்குக் கிளம்புகிறவனுக்கு இத்தனை உபசாரம்! நிஜமாகவே போகிறவளுக்குத்தான் பீரோ.

குருபரப்பள்ளியில் மண்டபத்து வாசலே நெடுஞ்சாலைதான். இதே ரோட்டைப் பிடித்துக்கொண்டு போனால் காசிவரை போகலாம் என்று பழைய லாரிக்காரர்கள் சொல்வார்கள். ஹரீஷ்குமார் குடையை விரித்துக்கொண்டு, செல்போன் கேமராக்களைப் பார்த்துப் பல்லைக் காட்டியபடி நாலு எட்டு நடந்து நின்றான். இதற்குமேல் நடக்க வேண்டியதில்லை என்று அவனுக்குத் தெரியும்.

வாசற்படியில் மாலையோடு நின்ற பிரியதர்ஷினி தலையை நிமிர்த்தவே இல்லை.

"பொண்ணோட அப்பா வாங்க" என்றார் புரோகிதர். "மாப்ளை கையப் பிடிச்சு, 'காசிக்குப் போகாதீங்க, என் பொண்ணத் தர்றன்'னு கூப்பிடுங்க."

சென்னகிருஷ்ணன் போய் மாப்பிள்ளையின் எதிரே நின்றார். மேளம் அடங்கியது. ஒரு தடவை சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். மாப்பிள்ளையின் குடை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. அதை நிமிர்த்திப் பிடிக்க வைத்தார்.

"சீக்கிரம் கூப்பிடுங்க சம்பந்தி, நேரமாவுது" என்றார் பின்னால் நின்ற குருமூர்த்தி.

சென்னகிருஷ்ணன் வழியைவிட்டு விலகி நின்றார். நெடுஞ்சாலைப் பக்கம் கையை நீட்டினார்.

"இந்த ரோட்டுலயே நேராப் போங்க தம்பி. காசி வந்துடும்."