இளசாக ஒன்று

கதவை மூடிக்கொண்டுதான் தட்டினாள்.

கட்டிலில் கிடக்கும் கணவனுக்கு அந்தச் சத்தம் கேட்டுவிடக் கூடாது.

வீட்டுக்குப் பின்னால் மலைச்சரிவைக் குடைந்து எடுத்த சின்ன அறை. பலகைகளில் செம்மறிப் பாலில் செய்த சீஸ் வட்டுகள். அவற்றில் ஒன்றின் விளிம்பில் மட்டும் பெருவிரல் அழுத்திய பள்ளம் இருந்தது.

அவன் விரல். மதுரையில் டாக்டர் கையை விரித்த அன்று, மலையேறி வந்து, சட்டையைக்கூட மாற்றாமல் பாலை உறையவைத்துச் செய்தது.

"இது பழுத்து வெட்டுற வரைக்கும் நான் எங்கயும் போகமாட்டேன் செவந்தி."

விளையாட்டாகத்தான் சொன்னான். அவள் அதைச் சாமி வாக்காகப் பிடித்துக்கொண்டாள்.

அன்று அது வெள்ளை வெளேரென்று, பச்சைப்பிள்ளை வாய்போலப் பால் வாசனை அடித்தது. பிறகு புளித்தது. சாம்பல் நிறத்தில் பூசணம் பூத்தது. உப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்துத் துடைத்துத் திருப்பி வைத்தாள். தோல் மஞ்சளாகி இறுகியது. எண்ணெய் வியர்த்தது. வறுத்த வேர்க்கடலை மணம் வந்தது.

அவனுக்கும் ஒவ்வொன்றாக மாறியது. முதலில் கண் போனது. மருந்தில் மூக்கும் நாக்கும் செத்துப்போயின. காதும் விரலும்தான் மிச்சம்.

செவ்வாய்க்கிழமைதோறும் அந்த வட்டைக் கொண்டுபோய் அவன் மார்பில் வைப்பாள். பலாப்பழத்தைத் தட்டுவதுபோல் தட்டிக் கேட்பான். ஈரச்சுவர் சத்தம் வந்தால் இளசு. காய்ந்த பலகைச் சத்தம் வந்தால் பழுத்தாயிற்று.

"இன்னும் ஆகல. வெச்சிரு."

அந்த வார்த்தையில் அவளுக்கு ஒரு வாரம் ஓடும்.

ஒருநாள் அறையிலேயே தட்டிப் பார்த்தாள்.

காய்ந்த பலகை.

வேறு எவளாக இருந்தாலும் சந்தோஷப்பட்டிருப்பாள். அவ்வளவு நன்றாக அவர்கள் வீட்டில் எதுவுமே பழுத்ததில்லை. இவள் இன்னொரு தரம் தட்டினாள். அதே சத்தம். அதைத் திரும்பப் பலகையில் ஏற்றிவிட்டு, அதற்குப் பிறகு தான் செய்தவற்றில் ஒன்றை எடுத்துப்போனாள்.

தட்டினான். "இன்னும் ஆகல."

அதுவும் பழுத்தது. அடுத்ததை எடுத்தாள். அதுவும்.

புதிதாகச் செய்யப் பால் ஏது? கண் போய் அவன் ஆஸ்பத்திரியில் கிடந்தபோதே, மேய்க்க ஆளில்லாமல் ஆடுகளையெல்லாம் விற்றுவிட்டாள். அண்ணன் பட்டியில் நிற்கின்றன, பால் வந்துகொண்டிருக்கிறது என்று அவனிடம் சொல்லிவைத்திருந்தாள். ஒரு பொய்யை மறைக்க ஒன்பது பொய்.

இன்று மூடிய கதவுக்குள் தட்டியது கடைசி வட்டு. கொஞ்சம் ஈரம் கேட்டது. கொஞ்சம்தான். இந்த வாரம் தாங்கும் என்று தூக்கிப்போனாள்.

தட்டினான்.

பெருவிரல் விளிம்புக்குப் போனது. மெதுவாகச் சுற்றிவந்தது. இன்னொரு தரம் சுற்றிவந்தது. எங்கேயும் பள்ளம் இல்லை.

"இது முத்திருச்சு புள்ள" என்றான். "அடுத்த வாட்டி இதவிட இளசா ஒண்ணு எடுத்துட்டு வா."

வட்டை மாற்றிய முதல் நாளிலிருந்தே தெரிந்திருக்கிறது இந்த மனிதனுக்கு. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டோம் என்று இவள் இருந்தாள். அவனும் கூடவே சோற்றை அள்ளிப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறான். அழுகை முட்டியது. அவனுக்குத்தான் காது கேட்குமே. முந்தானையைக் கடித்துக்கொண்டாள்.

வட்டைத் தூக்கிக்கொண்டு அறைக்குப் போனாள். இந்த முறை கதவை மூடவில்லை.

அறை முழுக்கப் பழுத்த வாசனை.

பள்ளம் விழுந்த வட்டை இறக்கி, அதில் தன் பெருவிரலை வைத்துப் பார்த்தாள். காய்ந்து சுருங்கியதில், அவனுடைய பெரிய விரல் பதிந்த பள்ளம் அவள் விரலுக்கே அளவாக இருந்தது.

"இருக்கா செவந்தி?" வீட்டுக்குள்ளிருந்து குரல் வந்தது.

விரலை எடுக்காமலே நின்றாள்.

"இருக்குங்க" என்றாள். "நெறைய இருக்கு."