ஈ பிடிக்கும் மாப்பிள்ளை

“இஞ்சாருங்க, தேத்தண்ணிக்குள்ள திரும்பவும் ஈ விழுந்திரிக்காம். ஹஜ்ஜுப் பெருநாளைக்குள்ள ஈ ஒழியாட்டி தவளைப் பெட்டிய இந்த அறைக்குள்ள வெச்சிரிக்க ஏலாதாம். உம்மா சொல்லச் சொன்னா.”

புது மனைவி அஸீஸா இதைச் சொல்லும்போது, சொல்லச் சொன்ன உம்மா லைலா கதவுச் சீலைக்குப் பின்னால்தான் நின்றிருந்தாள். சீலைக்குக் கீழே அவளுடைய கால்விரல்கள் தெரிந்தன. மருமகனோடு மாமி நேரே கதைக்கிற வழக்கம் அந்த வீட்டில் இல்லை.

கல்முனையில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிவர வேண்டும். றஸாக் மாஸ்டர் ஒரு சூட்கேசோடும் ஒரு கண்ணாடிப் பெட்டியோடும் வந்து இறங்கினான். பெட்டிக்குள் ஈர மண், பாசி, பன்னச் செடி, வாற்பேத்தையிலிருந்து அவன் வளர்த்தெடுத்த குட்டித் தவளைகள். பெண் வீடு கொடுத்தாள், மாப்பிள்ளை தவளை கொடுத்தார் என்று தெருவே சிரித்தது. சிரிக்கட்டும். அவற்றை வாய்க்காலில் விட்டுவிட்டு அவனால் ஒரு வாய் சோறு தின்ன முடியாது.

இலங்கை கிரிக்கெட் உலகக் கிண்ணத்தை வென்ற கதையிலேயே ஊர் இன்னும் மிதந்துகொண்டிருக்க, றஸாக்கின் தலைக்குள் ஈக்கள்தான் பறந்தன. கொசுவிலும் சின்னக் கறுப்பு ஈக்கள். நனைந்த மண்ணில் பூஞ்சணம் பிடித்தால் அதைத் தின்று பெருகுபவை. மேல் மண் காய்ந்தால் ஒழிந்துபோகும் என்று படித்திருந்தான். தண்ணீர் தெளிப்பதைக் குறைத்தான். கடற்கரை மணலைக் கழுவி மண்ணுக்கு மேல் பரப்பினான். மஞ்சள் கடதாசியில் ஆமணக்கெண்ணெய் பூசி மூடிக்கு வெளியே ஒட்டினான்.

ஈக்கள் குறைந்தன. அவன் துள்ளிக் குதிக்காத குறை. பிறகு பார்த்தால், பள்ளிக்கூடத்தால் வரும்போதெல்லாம் மணல் நனைந்திருந்தது. ஈக்கள் முன்னையைவிட உற்சாகமாகப் பறந்தன. மணல் கூடிவிட்டதோ, எண்ணெய் பிழையோ என்று குழம்பினான். தூக்கத்தில் எழும்பித் தானே தண்ணீர் ஊற்றுகிறானோ என்றுகூட ஒரு சந்தேகம்.

பெருநாளுக்கு முதல் நாள் பள்ளிக்கூடம் அரை நாளோடு விட்டது. அறை வாசலில் றஸாக் அப்படியே நின்றுவிட்டான்.

அஸீஸா பெட்டியின் மூடியைத் தூக்கிப் பிடித்திருந்தாள். மாமி அரிசி கழுவிய தண்ணீரைச் சிந்தாமல் மணலில் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

ஆக, தவளைகளைத் துரத்தத்தான் தாயும் மகளும் சேர்ந்து ஈ வளர்த்திருக்கிறார்கள். வாயைத் திறக்கப் போனவன், மாமியின் குரல் கேட்டு அடங்கினான்.

“நல்லாத் தின்னுங்க மக்காள். அந்த மனிசன் ஈயெல்லாத்தையும் சாகடிச்சு, பெருநாளும் அதுவுமா உங்களப் பட்டினி போடப் பாக்கிறார். நாளைக்கு மட்டும் ஈ பறக்கட்டும், பெட்டி என்ட கைக்கு வந்திரும். குசினிக்குள்ள, ஜன்னலோரமா, உங்களுக்கெண்டே மேசை போட்டு வெச்சிரிக்கன்.”