ஒரு நாளைக்கு ஒரு பெட்டி

அட்டைப்பெட்டியின் மேல் இருந்தது அப்பாவின் கையெழுத்தேதான். ‘பழைய போட்டோக்கள், நனையக் கூடாது’ என்று எழுதி, ழ-வின் வாலை வழக்கம்போல நீட்டி இழுத்திருந்தது. அப்பாவை அடக்கம் செய்து ஐம்பது நாளாகியிருந்தது. ஷர்மிளா அந்த எழுத்தை விரலால் தடவிப் பார்த்தாள்.

அப்பா தியோடர் சிகந்தராபாத்திலேயே பிறந்து வளர்ந்த எஞ்சினியர். ஏ.எஸ்.ராவ் நகரில் இந்த வாடகை வீட்டில் நாற்பது வருஷம் இருந்தவர், பழுதான ரேடியோவிலிருந்து பழைய தெலுங்கு, இங்கிலீஷ் பேப்பர் வரை எதையும் தூக்கி எறிந்ததில்லை. மாதக் கடைசிக்குள் அத்தனையையும் காலி செய்து சாவியைக் கொடுத்தாக வேண்டும்.

ஒரே பிள்ளை ஷர்மிளா. சனிக்குச் சனி கொண்டாப்பூரிலிருந்து வருவாள், குவியலைப் பார்த்து மலைப்பாள், அப்பாவின் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு பாட்டம் அழுவாள். அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று பூட்டிக்கொண்டு போய்விடுவாள். இதுவரை ஒரு கரண்டியைக்கூட நகர்த்தவில்லை.

இன்று பார்த்தால் பெட்டி கட்டி நிற்கிறது. வீட்டுச் சொந்தக்காரர் வேலையா என்றால், அவர் தெலுங்குக்காரர். பெட்டிக்குள் ஒரு சீட்டு வேறு.

‘மொத்தத்தையும் பார்த்தால் பயம்தான் வரும். கைக்கு எட்டுவதை மட்டும் பார். ஒரு நாளைக்கு ஒரு பெட்டி போதும்.’

அவளுக்கு உயிரான பேச்சு அது. பதினோரு வயதில் அவளை அம்மாவின் ஊரான பாளையங்கோட்டையில் ஹாஸ்டலில் சேர்த்தார்கள். பரீட்சை என்றால் புத்தகத்தைத் திறக்கவே நடுங்கிய பிள்ளைக்கு, வாராவாரம் அப்பாவிடமிருந்து இதே எழுத்தில் கடிதம் வரும். ஒரு நாளைக்கு ஒரு பக்கம் போதும் என்று இருக்கும். அந்தக் கடிதங்கள்தான் அவளை ஆளாக்கின.

அம்மா ஜெயசுந்தரி ஒரு வரி போட்டதில்லை. அப்பாவின் கடிதக் கடைசியில் ‘மம்மி நலம்’ என்று இருக்கும், அவ்வளவுதான். அந்த மனத்தாங்கல் இன்னும் ஆறவில்லை. அப்பா போனபின் அம்மாவைத் தன்னோடு வைத்துக்கொண்டாளே தவிர, சேர்ந்தாற்போல நாலு வார்த்தை பேசியதில்லை.

அப்பா அப்படியா? ஞாயிறு ஆராதனைக்குக் கோயிலில் எல்லாரும் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருக்க, அவர் மட்டும் புத்தகத்தைத் தொடாமல், கண்ணை மூடிக்கொண்டு அத்தனை சரணத்தையும் மனப்பாடமாகப் பாடுவார். பக்கத்தில் நிற்கும் ஷர்மிளாவுக்கு அதில் அப்படியொரு பெருமை.

அடுத்த சனிக்கிழமை இன்னும் இரண்டு பெட்டிகள், அதே எழுத்து. கணவன் வெஸ்லியிடம் சொன்னாள். பேய் பிசாசெல்லாம் மனுஷனைத்தான் பிடிக்கும், உங்க டாடி மூட்டையையும் பிடிக்கிறாரே என்று அவன் கேலி செய்தான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. பயமாகவும் இருந்தது, அப்பா பக்கத்திலேயே இருக்கிறார் என்று நம்ப ஆசையாகவும் இருந்தது.

அந்த ஆசையில் ஞாயிற்றுக்கிழமையும் வந்து ஒரு பெட்டி கட்டினாள். கட்ட முடிந்தது. அப்புறம் ஆபீஸ் விட்டு வந்து தினம் ஒன்று. போகும்போது நாற்காலியைப் பார்த்து, “வாரேன் டாடி” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

கெடுவுக்கு மூன்று நாள் இருக்கும்போது, மீதியை முடித்துவிடலாம் என்று லீவு போட்டுவிட்டுக் காலையிலேயே வந்தாள். பூட்டு திறந்திருந்தது. உள்ளே பெட்டி ஒட்டும் டேப்பைக் கிழிக்கும் சத்தம் கேட்டது. டாடி என்ற வார்த்தை வாய்வரை வந்துவிட்டது.

முட்டுவலிக் காலை நீட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தவள் அம்மா. கையில் கறுப்பு மார்க்கர். எதிரே இருந்த பெட்டியில், இழுத்து விட்ட ழ-வின் வால் இன்னும் காயவில்லை.

ஷர்மிளாவுக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. “டாடி கையெழுத்தைக் காப்பியடிச்சு என்னை ஏமாத்தினியா மம்மி? எனக்குன்னு மிச்சமிருந்தது அது ஒண்ணுதான். அதையும் எடுத்துக்கிட்டியே.”

நீ மலைத்துப்போய் உட்கார்ந்துவிடுவாய் என்று தெரியும், அதனால்தான் நீங்களெல்லாம் ஆபீஸ் போனபின் பஸ் பிடித்து வந்தேன் என்றாள் அம்மா. யார் கையெழுத்தையும் பார்த்து எழுதவில்லை என்றும் சொன்னாள்.

“பொய் சொல்லாதே.”

அம்மா மார்க்கரை மூடிக் கீழே வைத்தாள். மகள் முகத்தைப் பார்க்காமல், மெதுவாகச் சொன்னாள்.

“உங்க டாடிக்குத் தமிழ் எழுதத் தெரியாதுட்டி.”