படுத்தபடி ஓடியவள்

அடிக்கடி நெஞ்சை அடைக்கிறது என்று ஆஸ்பத்திரிக்கு வந்த சௌந்தரத்தால் போலியோவில் சூம்பிய வலது காலோடு இதயப் பரிசோதனைக்காக ட்ரெட்மில்லில் ஏறி ஓட முடியாது. அதனால் அவளை ஒருக்களித்துப் படுக்க வைத்து, நெஞ்சில் ஸ்கேன் கருவியை வைத்தபடி நரம்பில் மருந்து ஏற்றினார்கள்.

"நீங்க சும்மா படுத்திருங்கம்மா. இந்த மருந்து உங்க இதயத்தை மட்டும் ஓட வைக்கும்," என்றார் டாக்டர் ஷமீமா.

ஐம்பத்தாறு வயதுவரை எதற்காகவும் ஓடியிராத சௌந்தரத்துக்குச் சிரிப்பு வந்தது. சற்று நேரத்தில் நெஞ்சுக்குள் ஏதோ தடதடவென்று கிளம்பியது. மூச்சு வாங்கியது, நெற்றி வியர்த்தது. ஓடினால் இப்படித்தான் இருக்குமா? சின்ன வயதில் தெருப் பிள்ளைகள் ஓடிப்பிடித்து விளையாடும்போது அவளையும் ஒப்புக்குச் சப்பாணியாகச் சேர்த்துக்கொள்வார்கள். யாரும் அவளைத் துரத்தியதில்லை. அதனால் அவள் அவுட் ஆனதுமில்லை.

தலையைத் திருப்பி ஸ்கேன் திரையைப் பார்த்தாள். கறுப்பு வெள்ளையில் அவளுடைய இதயம் குதித்துக்கொண்டிருந்தது. கீழே ஓர் ஓரம் மட்டும் சேர்ந்து குதிக்காமல் நின்றது.

"அது ஏன் டாக்டர் அங்கயே நிக்குது?"

"அந்தப் பக்கத்துக்கு ரத்தம் பத்தலைம்மா. சும்மா இருக்கும்போது தெரியல, ஓட விட்டதும் தெரியுது. அடைப்பு இருக்கும்னு நினைக்கிறேன். போதும், மருந்தை நிறுத்திடறேன்."

டாக்டரின் கை மருந்துக் குழாயை நோக்கிப் போனது. யாரோ கட்டைவிரலால் நெஞ்சை அழுத்துவதுபோல் சௌந்தரத்துக்கு வலித்தது. ஆனாலும் திரையின் அந்த ஓரத்தை விட்டு அவள் கண்ணை எடுக்கவில்லை.

"கொஞ்சம் இருங்க டாக்டர்," என்றாள். "அதுவும் வந்துடட்டும்."