களி போட்டவள் கதவைச் சாத்தினாள்

சுவர்க் கடிகாரம் கண்ணில் படக்கூடாது என்று செல்லி நாற்காலி மாறி உட்கார்ந்தாள்.

அரூர் கிளை நூலகத்தில் மாதத்தில் ஒரு ஞாயிறு புத்தகப் பேச்சு நடக்கும். சித்தேரியில் சின்ன மளிகைக் கடை வைத்திருக்கும் செல்லி, சரக்கு எடுக்க மலையிலிருந்து இறங்கும் நாளை அந்த ஞாயிறுக்கே மாற்றிக்கொண்டிருந்தாள். சோப்பும் பருப்பும் நிறைந்த பைகள் காலடியில் இருந்தன.

ஆனால் ஒரு கூட்டத்தையும் கடைசிவரை கேட்டதில்லை. பேச்சு சூடு பிடிக்கும் நேரத்தில்தான் சித்தேரிக்குக் கடைசி வண்டி. அதை விட்டால் ராத்திரி முழுக்கக் கொசுக்கடியோடு பஸ் ஸ்டாண்டில் கிடக்க வேண்டும்.

எழுந்து போகும்போதெல்லாம் முதுகுக்குப் பின்னால் யாராவது எதையாவது சொல்ல, மற்றவர்கள் சிரிப்பார்கள். அது என்னவாக இருக்கும் என்று மலை ஏறும்வரை யோசித்துக்கொண்டே போவாள்.

இந்த மாத நாவலை அவள் இரண்டு தடவை படித்திருந்தாள். பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய், அங்கேயே இன்னொரு குடும்பமும் வைத்துக்கொண்ட புருஷன் பல வருஷம் கழித்துத் திரும்பி வருகிறான். மனைவி களி கிண்டி, கீரை கடைந்து, வயிறாரப் போடுகிறாள். கை கழுவ அவன் வெளியே போனதும் கதவைச் சாத்திவிடுகிறாள். நாவல் அதோடு முடிகிறது.

"சாத்தறவ எதுக்குங்க சோறு போடணும்? எழுதினவருக்கே முடிவு புரியல," என்றார் எதிரே இருந்த சவுரியப்பன். பாலக்கோட்டிலிருந்து மாற்றலாகி வந்தவர். இன்றுதான் முதல் கூட்டம். கட்டம் போட்ட சட்டைக்குக் கழுத்துவரை பொத்தான் போட்டிருந்தார்.

பலரும் தலையாட்டினார்கள்.

பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஏதோ ஒரு வண்டி ஹாரன் அடித்தது. செல்லி பைகளின் காதைப் பிடித்தாள். எழுந்தும் விட்டாள்.

போகவில்லை.

"பசியோட ஒருத்தன அனுப்பினா, சாப்புட்டானோ என்னவோன்னு அந்த நெனப்பு நம்மள விடாதுங்க. வவுறு நெறைய போட்டு அனுப்பிட்டா அதோட தீந்துது. அவ அவனுக்காகப் போடலீங்க. தான் நிம்மதியாத் தூங்கறதுக்குப் போட்டா."

தலையாட்டியவர்களில் இரண்டு பேர் நாவலின் கடைசிப் பக்கத்தைப் புரட்டினார்கள்.

"இத்தன மாசமா நீங்க எங்கங்க இருந்தீங்க?" என்றார் நூலகர் நிர்மலாதேவி.

"பஸ்ஸுலங்க," என்றாள் செல்லி.

கூடம் முழுக்கச் சிரித்தது. இந்தத் தடவை சிரிப்புக்கு நடுவில் அவளும் இருந்தாள்.

அதற்குப் பிறகு அவளை நிறுத்த முடியவில்லை. சவுரியப்பனும் விடுவதாக இல்லை. அவர் ஒன்று சொல்ல, இவள் ஒன்று சொல்ல, நடுவில் மூன்று பேர் கட்சி மாறினார்கள். ஒரு கூட்டம் எப்படி முடியும் என்பதை அவள் அன்றுதான் பார்த்தாள். யாரும் ஜெயிக்கவில்லை. டீ வந்தது, முடிந்தது.

டம்ளரை வாங்கும்போது ஜன்னல் கண்ணில் பட்டது. வெளியே வெளிச்சம் மங்கியிருந்தது. வண்டி போயிருக்கும்.

பயம் வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. கொசு கடித்தால் கடிக்கட்டும் என்று டீயை ஊதினாள்.

வாசலில் தோல்பையோடு ஒரு கண்டக்டர் மூச்சு வாங்க வந்து நின்றார்.

"சித்தேரி வண்டி..." என்று ஆரம்பித்தார்.

தன்னைத் தேடித்தான் ஆள் வந்திருக்கிறது. செல்லி டம்ளரை வைத்துவிட்டுப் பைகளை அள்ளிக்கொண்டு ஓடினாள்.

கண்டக்டர் அவளைத் தாண்டி உள்ளே பார்த்தார்.

"அண்ணே, இன்னும் எவ்வளவு நேரந்தான் வண்டி நிக்கும்? ஜனங்க கத்தறாங்க."

சவுரியப்பன் மிச்ச டீயை ஒரே மடக்கில் குடித்தார். பொத்தான்களைக் கழற்றிக் கட்டம் போட்ட சட்டையை மடித்தார். உள்ளே காக்கி.

வண்டியில் இருந்தவர்களின் வசவையெல்லாம் வாங்கிக்கொண்டு, எஞ்சினை முடுக்கிவிட்டுத் திரும்பாமலே கேட்டார்.

"சோறு போட்டது சரிங்க. கதவச் சாத்தினது?"

'ஓட்டுநரிடம் பேசாதீர்' என்று எழுதியிருந்த தகட்டுக்கு நேர் கீழே செல்லி இடம் பிடித்து உட்கார்ந்தாள்.