கரடிக்கு முதுகில் ஜிப்

பொம்மைக் கடை வாசலில், உச்சி வெயிலில், நான் தினமும் மாட்டும் கரடி வேஷத்துக்குள் இன்று என் மனைவியின் அண்ணன் நிற்கிறார். "சும்மா கையாட்டுறதெல்லாம் ஒரு வேலையா மாப்ளே?" என்று சொந்தபந்தத்துக்கு நடுவில் என்னைப் பார்த்துச் சிரித்தவர். "நீங்களே ஒருநாள் போட்டுப் பாருங்க மச்சான்" என்று நானேதான் மாட்டிவிட்டேன். ஜிப் முதுகுப்பக்கம் இருக்கிறது. உள்ளே இருப்பவர் கைக்கு எட்டாது. ஒரு வாண்டு வாலைப் பிடித்து இழுக்கிறது, இன்னொன்று முழங்காலில் உதைக்கிறது. கரடியின் வாய் வலைக்குள்ளிருந்து குரல் வருகிறது: "மாப்ளே, உள்ள வேகுது, ஜிப்பை எறக்குங்க!" கைகளை உதறித் துள்ளுகிறது கரடி. பிள்ளைகள் கைதட்டுகிறார்கள். முதலாளி எட்டிப் பார்த்து, "இன்னிக்குத்தான்யா நீ ஒழுங்கா ஆடுறே!" என்கிறார். எதிர்க்கடை பெஞ்சில் உட்கார்ந்து நான் ஆறிப்போன டீயை ஊதி ஊதிக் குடிக்கிறேன்.