அர்த்தமில்லாத கணக்கு

கல்லூரி திறக்க மூன்று நாள் இருந்தது. புதிதாகச் சேர்ந்தவர்களுக்கான பயிற்சி வகுப்பில், இரண்டாம் ஆண்டு மாணவி மலர்க்கொடி பலகையில் அர்த்தமே இல்லாத ஒரு கணக்கை எழுதிவிட்டு, "புரிஞ்சுதா?" என்றாள்.

"புரிஞ்சுதுக்கா." நாற்பது குரல்களும் ஒன்றாக வந்தன.

"பொய். இதுல புரிய ஒண்ணுமே இல்ல. இப்படியே கோரஸ் பாடித்தான் எனக்கு நாலு அரியர். புரியலன்னா புரியலன்னு சொல்லிப் பழகுங்க. எங்க, யாராவது ஒருத்தர்?"

சிரித்தார்கள். கடைசி பெஞ்சில் சகாயமேரி, பள்ளியில் நிற்பதுபோலக் கைகட்டி எழுந்தாள்.

"புரியலக்கா."

"சபாஷ். எதுலேருந்து புரியல?"

"எட்டாங்கிளாஸ்லேருந்துக்கா."

யாரும் சிரிக்கவில்லை. மலர்க்கொடி பலகையை அழித்தாள். முன்வரிசையில் ஒருவன் மெல்லக் கேட்டான்:

"அதுக்கும் முன்னாடின்னா சொல்லலாமாக்கா?"